வெள்ளைக் கட்டம்

போனில் அடித்துக் கொண்டுவந்ததெல்லாம் இதில் ஏறாது சார். நீங்கள் அனுப்பினாலும் எனக்கு வராது. வந்தாலும் இது திறக்காது. திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நானே பார்த்து அடித்துக்கொள்கிறேன், அந்தப் போனை இப்படி மானிட்டர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில்.

அப்பாவா? படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அதே நெற்றி. கருமாதிக்குத்தானே? நாளை மறுநாளா? சாயந்திரத்துக்குள் தந்துவிடலாம். இந்த மெஷின் கிளம்பத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். கிளம்பிவிட்டால் நிற்காது. இப்போது ஒரு பச்சைப் புல்வெளி வரும் பாருங்கள், மேலே நீல வானம். அது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது எந்த ஊர்ப் புல்வெளியோ தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் தினமும் பார்த்த வெளியூர் அது ஒன்றுதான்.

பெங்களூரா. கம்ப்யூட்டர் வேலையா. அதுதான் உள்ளே வந்ததும் முதலில் இதைப் பார்த்தீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க" என்பார்கள், சிரித்துக்கொள்வார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. ஏன் இன்னும் மாற்றவில்லை என்று மரியாதையாகக் கேட்டீர்கள். மாற்றினோம் சார். ஒருதடவை மாற்றிப் பார்த்தோம்.

என் பெயர் தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோயில் வேண்டுதல். தையலக்கா கடை என்று யாரோ சொல்லிவிட்டதைக் கேட்டு ஜாக்கெட் துணியோடு வந்து நின்றவர்களும் உண்டு. கடை என்னுடையது இல்லை, கலியபெருமாள் அண்ணனுடையது. ஆனால் இந்தப் பட்டுக்கோட்டையில் கோர்ட் ரோட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். அப்போதிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காதுகுத்து, யார் செத்தார், எல்லாம் என் கைவழியாகத்தான் ஊருக்குப் போகும். கண்ணைக் கட்டிவிட்டால்கூட அடிப்பேன். கீபோர்டைப் பாருங்கள், எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாக இருக்கிறது. எனக்கு எதற்கு எழுத்து?

கலியபெருமாள் அண்ணனுக்கு ஒரு தம்பி. மதியழகன். படிப்பில் சூரர். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்து, ஒரு பெண் பிள்ளை. திடீரென்று ஒரு சித்திரையில் பெட்டியோடு வந்து நின்றார், தனியாக. கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். மனைவிக்கு அங்கே வேலை இருந்தது, பிள்ளைக்குப் படிப்பு இருந்தது. இவருக்குத்தான் ஒன்றுமில்லை. கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, பழைய பேப்பர் ரீம் போட்டு வைத்திருந்தோம். அதைக் காலி செய்து கொடுத்தார் அண்ணன்.

வந்த புதிதில்தான் அந்த வைரஸ் வந்தது. வைகாசி முகூர்த்தம், கூட்டம் நெருக்கிக்கொண்டிருக்கிறது, எவனோ பென்டிரைவைக் கொண்டுவந்து செருகினான். மறுநாள் காலை ஒரு ஃபைலும் திறக்கவில்லை. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மதி தம்பிதான் மாடியிலிருந்து இறங்கிவந்து, சாப்பாடுகூட இல்லாமல் உட்கார்ந்து, முக்கால்வாசியை மீட்டுக் கொடுத்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல கை. ஆனால் மீட்டுக் கொடுத்தவர் அதோடு போயிருக்கலாம் அல்லவா? எல்லா மெஷினிலும் விண்டோஸை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸுக்கு மாற்றிவிட வேண்டும் என்றார்.

நாம் வைத்திருப்பதெல்லாம் திருட்டுக் காப்பி, கம்பெனிக்காரனே கைவிட்டுவிட்ட பழசு, இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னாலும் காப்பாற்ற முடியாது என்றார். அதில் பொய் இல்லை. அண்ணன் பயந்துபோய் இருந்தார், சரி என்றார். ஆடியில் மாற்றலாம் என்று முடிவானது. ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்குச் சாவு மட்டும்தான். யாராவது ஆடியில் புதுசு தொடங்குவார்களா தம்பி என்று கேட்டேன். சிரித்தார். "கை பழகிப்போச்சு, அவ்வளவுதான்க்கா. கையைத்தான் மாத்தணும். மூளை அதேதான்."

கையைத்தான் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னார் பாருங்கள். எனக்குக் கையில்தான் சார் எல்லாம் இருந்தது.

முதல் நாளைச் சொல்கிறேன். மாற்றின மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பச்சைப் புல்வெளி இல்லை. ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று. எங்கே அழுத்தினால் என்ன வரும் என்று தெரியவில்லை. ‘ஸ்ரீ’ அடிக்கிறேன், வேறு ஏதோ வருகிறது. மாரியம்மன் கோயில் கஞ்சி வார்ப்பு நோட்டீசுக்கு ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார், வெளியூர்க்காரர். நான் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு எழுத்தைத் தேடுகிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த மனிதர் கேட்டார், "புதுசா சேந்திருக்கீங்களாம்மா?"

ஆமாம் என்றேன்.

உங்களுக்கு அப்படி ஒருநாள் வந்திருக்காது. ஒரு பொழுது விடிந்து எழுந்து பார்த்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது என்று ஆகிவிட்டால் எப்படி இருக்கும்? வயசு அதேதான், முட்டிவலி அதேதான், தெரிந்தது மட்டும் போய்விட்டது. பழகாமல் அடம்பிடிக்கிறார்கள், சோம்பேறித்தனம், பயம் என்றெல்லாம் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

மதி தம்பியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்த வாரமே எங்கேயோ தேடி, பழைய டைப்ரைட்டிங் வரிசையையே அதில் போட்டுக் கொடுத்தார். "இப்ப அடிச்சுப் பாருங்க்கா, உங்க வரிசையேதான்." அடித்துப் பார்த்தேன். வந்தது. முக்கால்வாசிக்கு மேலே சரியாகவே வந்தது. ஒன்றிரண்டு குறி இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் நான் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டால்... கால்வாசி வராததை வந்தது என்று எப்படிச் சொல்வது? எனக்குப் பொய் பேசி வழக்கமில்லை.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுப் பாருங்கள் அண்ணனை. அவர் சொன்னது எல்லாவற்றுக்கும் சரிங்க தம்பி, சரிங்க தம்பி என்றுதான் சொன்னேன். கஸ்டமர் யார் வந்தாலும் தம்பியைக் கேளுங்கள் என்று அனுப்பினேன். அது மரியாதைதானே? ஒரு வரி நகர்த்த வேண்டுமானாலும் அவரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சரி என்றால்தான் நகர்த்தினேன். கூட்டம் நின்றது. எத்தனை நேரம் என்று முணுமுணுத்தார்கள். "புது சிஸ்டம், நம்ம கையில ஒண்ணுமில்லீங்க" என்றேன். உள்ளது அதுதானே? சிலர் எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். கையைப் பிடித்து இழுக்கவா முடியும்?

அண்ணன் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், எப்படித்தான் போகிறது என்று. "தம்பி நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாங்கண்ணே. என் மண்டையிலதான் ஏறல. நான் வேணா நின்னுக்கிறேன், நல்லாப் படிச்ச புள்ளையா ஒண்ணப் பாத்துப் போட்டுக்குங்க" என்றேன். அண்ணன் முகம் அப்படியே செத்துவிட்டது. நீ ஏம்மா நிக்கணும் என்றார். மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வந்துவிட்டது பாருங்கள், புல்வெளி. இனி கவலையில்லை. அப்பா பெயர் ‘ரெங்கராஜன்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ‘ரெ’தானே? சரி. தோற்றம், மறைவு இரண்டும் இருக்கிறது. படம் மட்டும்தான் ஸ்கேன் பண்ண வேண்டும். ஸ்கேனர் சூடாகட்டும்.

தம்பி நிலைமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவரே சொன்னார். ஒரு மழை நாளில், கடையில் யாருமில்லை, இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தை வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறாராம். தை மாசி சீசன் ஒழுங்காக ஓடிவிட்டால் கடையை இவர் பொறுப்பில் விட்டுவிடுவாராம். மனைவிக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், கடை கைக்கு வந்ததும் லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று. "ஓடலன்னா எனக்கு அங்கயும் எடமில்ல, இங்கயும் எடமில்லக்கா. நீங்க மனசு வெச்சாத்தான்" என்றார். எனக்கு ரொம்பப் பாவமாகப் போய்விட்டது. அன்றைக்கு வடையை நான்தான் வாங்கினேன்.

அப்போதுதான் அதையும் கேட்டார். "அக்கா, பழைய ஃபைலையெல்லாம் இந்தப் பக்கம் மாத்தி வெக்கிறேன். அதுல எனக்குத் தெரியாம நீங்க வழக்கமா செய்யிற விஷயம் ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிடுங்க, கவனிச்சுக்குறேன்."

"ஒண்ணுமில்ல தம்பி. எல்லாரும் செய்யிறதுதான்" என்றேன்.

ஒன்றுமில்லைதான். வெள்ளைக் கட்டம் போடுவதை ஒரு விஷயம் என்று யார் சொல்வார்கள்? கண்ணீர் அஞ்சலி போஸ்டரை யாரும் புதுசாகச் செய்ய மாட்டார்கள் சார். போன சாவின் ஃபைலைத் திறப்போம், படத்தை மாற்றுவோம், பெயரை மாற்றுவோம், புதுப் பெயரில் சேமிப்போம். அடியில் குடும்பத்தார் பெயர் வரிசையாக இருக்கும் இல்லையா, அதில் மட்டும் கை வைக்கக்கூடாது. அதை அழித்தால் மேலே இருப்பதெல்லாம் கீழே சரிந்துவிடும், அளவு குலைந்துவிடும். அதனால் அழிக்க மாட்டேன். அதன் மேலே ஒரு வெள்ளைக் கட்டத்தை இழுத்து மூடிவிட்டு, கட்டத்தின் மேலே புதுப் பெயர்களை அடிப்பேன். பேப்பரும் வெள்ளை, கட்டமும் வெள்ளை. யாருக்கும் தெரியாது. அடுத்த சாவுக்கு அதன் மேலே இன்னொரு கட்டம். வந்து உட்கார்ந்த நாளிலிருந்து நான் இப்படித்தான் செய்கிறேன். மூச்சு விடுவதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

கார்த்திகையில் ஆலத்தங்குடி ரைஸ்மில் சிங்காரவேலு இறந்துபோனார். பெரிய குடும்பம். அவர்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் தென்னந்தோப்புக்காக வருஷக்கணக்கில் கேஸ். நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. அதற்கு முந்தின வருஷம் பங்காளி சாமிக்கண்ணு செத்தபோது இவர்கள் வாசலைக்கூடத் திறக்கவில்லை. யார் வாரிசு, யாருக்கு உரிமை என்பதில்தான் சண்டையே. சாமிக்கண்ணுவுக்குப் போஸ்டர் போட்டதும் நான்தான். அதே ஊர், அதே குலதெய்வம், மேலே அதே ஐயனார் துணை. அந்த ஃபைலின் மேல்தான் அப்புறம் ஆலத்தங்குடிப் பக்கத்தில் இன்னொரு சாவுக்குக் கட்டம் இழுத்துப் போட்டிருந்தேன்.

சிங்காரவேலுவின் மூத்த மகன் காலையில் வந்து மேட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். பிணம் எடுப்பதற்குள் ரோடு முழுக்க ஒட்டியிருக்க வேண்டும் என்றார். என் கைக்கு இன்னும் சரியாக வரவில்லை தம்பி, அவசர வேலை, நீங்களே போட்டுவிடுங்கள் என்றேன். தப்பு வந்துவிடக்கூடாது என்றுதான். அவர் மாற்றி வைத்திருந்த ஃபைல்களில் ஆலத்தங்குடி என்று இருந்ததைத் திறந்து, படம் வைத்து, பெயர் வைத்து, தேதியை இரண்டுதரம் சரிபார்த்தார். திரையில் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பேப்பரில் எடுக்கும்போது அந்தப் புது சிஸ்டத்தில் வெள்ளைக் கட்டம் கண்ணாடியாகிவிட்டது சார்.

புரூஃப் எடுத்து என் கையில்தான் கொடுத்தார். "ஒரு பார்வை பாத்துடுங்க்கா."

பார்த்தேன். எந்த ஆபரேட்டருக்கும் கண் முதலில் அடிவரிக்குத்தான் போகும். மில்காரர் குடும்பத்துப் பெயர்களுக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், சாமிக்கண்ணுவின் மகன்கள் பெயர் மூன்றும் வரிசையாக இருந்தது. நான் அடித்த எழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் யோசித்தேன். சாவில் சேர்ந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படி நடக்கிறது சார், எத்தனையோ குடும்பம் பிணத்துக்கு முன்னால் சேர்ந்திருக்கிறது. நாம் குறுக்கே ஏன் பேச வேண்டும்?

"சரியா இருக்காக்கா?" என்றார்.

"உங்க சிஸ்டம் தம்பி. எது சரி எது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அதிலும் பொய் இல்லை. அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். தூக்கம் இல்லாத கண். ஆள் வாசலில் நிற்கிறது, பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊர் உறவு எதுவும் அவருக்குத் தெரியாது. ஆலத்தங்குடியில் யார் யாருக்குப் பங்காளி என்று சிங்கப்பூரில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் என்ன. ஒட்டி முடிப்பதற்குள் ஒரு வேன் நிறைய ஆள் கடைக்கு வந்துவிட்டது. பங்காளிகளைக் குடும்பத்தோடு சேர்த்துப் போட்டால் நாளைக்குக் கோர்ட்டில் இதையே கொண்டுபோய்க் காட்டுவார்கள், எவன் சொல்லிப் போட்டாய் என்று கேட்டார்கள். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. இது எங்கிருந்து வந்தது, நான் அடிக்கவே இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீ அடிக்காமல் பேயா அடித்தது என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். அண்ணன் எல்லார் காலிலும் விழாத குறை. கடைசியில் மூத்த மகன்தான் சொன்னார், அடிக்க வேண்டாம், துக்க வீடு. ஒட்டினதையெல்லாம் அவனே கிழிக்கட்டும் என்று.

கிழிக்க வைத்தார்கள். ரைஸ்மில்லிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது, மைதாப் பசை காயவில்லை. முழுக்கைச் சட்டை போட்ட மனுஷன், நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழிக்கிறார். ஈரப் பேப்பர் முழுசாக வருமா? பாதி முகம் சுவரிலேயே நிற்கிறது. அதையும் எடு என்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் நின்று பார்க்கின்றன. அண்ணன் கூடவே நடந்தார், ஆனால் கை கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம், "நீ அங்கேயே கெடந்து செத்திருக்கலாம்டா, இங்க வந்து என்னையும் சாவடிக்கிற" என்று. நான் அந்த இடத்தில் இல்லை. கூடப் போன போஸ்டர் ஒட்டுகிற ஆள் சொன்னது.

நான் எங்கே இருந்தேன் என்றால், கடையில் இருந்தேன். வேலையில் இருந்தேன். இந்த மெஷின் இருக்கிறதே, இதைத் தம்பி மாற்றவில்லை. இது கெட்டுப்போய்விட்டது, பழைய இரும்புக்குத்தான் போகும் என்று நான் ஆடியிலேயே சொல்லி, மேஜைக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று. அன்றைக்குத் துணியை எடுத்தேன், சுவிட்சைப் போட்டேன். புல்வெளி வந்தது. பழைய ஃபைல் இதில் அப்படியே இருந்தது. அவர்கள் அங்கே கிழித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே புதுப் போஸ்டர் தயார். எடுப்பதற்குள் ரோடு முழுக்க ஒட்டியாகிவிட்டது. ஒரு எழுத்துத் தப்பு கிடையாது. மூத்த மகன் கை எடுத்துக் கும்பிட்டார். நீ இல்லாவிட்டால் இன்றைக்குக் கடையைக் கொளுத்தியிருப்பார்கள் தையலு என்று அண்ணன் அழுதுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என் முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.

அப்பா படத்தைக் கொடுங்கள், ஸ்கேனர் சூடாகிவிட்டது. நல்ல படம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்திருக்கிறார்கள், கண்ணுக்குக் கீழே தடம் தெரிகிறது. அதை எடுத்துவிடவா? இருக்கட்டுமா. சரி.

தம்பி அதற்கப்புறம் கடையில் உட்காரவில்லை. அண்ணன் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மாடியிலேயே இருந்தார். நான் டீ கொடுத்து அனுப்புவேன். சில நாள் டம்ளர் அப்படியே ஆடை கட்டித் திரும்பி வரும். ஒரே ஒரு தடவை இறங்கி வந்தார். தை பிறந்து, கூட்டம் அம்முகிறது, எல்லா மெஷினையும் ஆளை வைத்துப் பழையபடி மாற்றியாகிவிட்டது. தாடியோடு வந்து என் பின்னால் நின்று நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கருமாதி மேட்டர். நான் பாட்டுக்குக் கட்டத்தை இழுத்து மூடினேன். அதைப் பார்த்துவிட்டார்.

அப்புறம் மெதுவாக, "இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"நீங்க கேக்கலையே தம்பி."

"கேட்டேன்க்கா" என்றார்.

சண்டை பிடிக்கிற குரல் இல்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது. மாடிக்குப் போய்விட்டார். கேட்டாராம். எப்போது கேட்டார்? நானும் எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன்.

மாசியில் ஒருநாள் டீ கொண்டுபோனவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சர்க்கரைதான் சார். அவருக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை எல்லாம் அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்ததாம். தானாக நிறுத்திவிட்டார் என்று டாக்டர் சொன்னார். ஏன் நிறுத்தினாரோ. படித்தவர்கள்தான் உடம்பை அலட்சியமாக விடுகிறார்கள்.

மனைவியும் பிள்ளையும் வந்தார்கள். அவருடைய லேப்டாப் மேலேதான் இருந்தது. அதில் அப்பா படமெல்லாம் இருக்கும், திறந்து தாருங்கள் என்று அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டது. பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? எனக்கு அந்த சிஸ்டமே தெரியாதும்மா என்றேன். கையில் ஒரு ஸ்டாம்பு சைஸ் படம்தான் இருந்தது, அதை வைத்து நானே போஸ்டர் போட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே. இந்த மெஷினில். எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன், அதுபோல ஒன்று அமைந்ததே இல்லை. மேலே விளக்கு, ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு, நடுவே அவர். அந்தப் பெண் சுவர் முன்னால் நின்று அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டது. ரொம்ப அழகாக இருக்கிறது ஆன்ட்டி என்றது.

அதற்கப்புறம் யாருக்குப் போட்டாலும் அந்த ஃபைலின் மேல்தான் போடுகிறேன். உங்கள் அப்பாவுக்கும் அதுதான். இதோ, இந்த இடத்தில்தான் குடும்பத்தார் வருவார்கள். மகன் என்று உங்கள் பெயர், மருமகள், பேரன். பேத்தி உண்டா? சரி. முன்னால் இருப்பதைப் பார்க்காதீர்கள், மூடப்போகிறேன். இப்படிப் பிடித்து, இப்படி இழுத்தால் போதும். முடிந்தது. தெரிகிறதா? தெரியாது.

சாயந்திரம் வாருங்கள், கட்டி வைத்துவிடுகிறேன்.

என்ன, ஃபைலா? பென்டிரைவிலா? சொந்தக்காரர்களுக்கு லேப்டாப்பிலிருந்து அனுப்புவதற்கா... வேண்டாம் சார். பேப்பராகவே வாங்கிக்கொள்ளுங்கள், போனில் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் மெஷினில் இதைத் திறக்காதீர்கள். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். நாளைக்குத் தையல் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இருக்கக்கூடாது.